இடித்ததும் வரும் வரி

ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ் நகர எஃகு ஆலையில் மொழிபெயர்ப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. மூன்று மேசை, நான்கு தட்டச்சுப் பொறி, யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்த ஒரு ரப்பர் செடி. எடெல்கா அங்கே பதினாறு வருஷம் ஜெர்மன் கடிதங்களையும் ஆங்கிலக் கடிதங்களையும் ஹங்கேரிய மொழிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆலை மூச்சு வாங்க ஆரம்பித்தபோது முதலில் மூடியது அந்தப் பிரிவைத்தான். ரப்பர் செடியை மட்டும் அவள் பேருந்தில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தேழு வயது. கணவர் ஆஸ்திரியாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவர் போனவர்தான். கையில் ஒன்பது வயது மகள் ஷரோல்டா.

அவர்கள் இருந்தது அவாஷ் குன்றின் மேல், பத்து மாடிக் கட்டடத்தில், ஆறாம் மாடி. அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் லோராந்த் என்ற இளைஞன் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். வாய் உள்ள பிள்ளை. ஒருநாள் மாடியேறி வந்து கதவைத் தட்டினான்.

“எடெல்காக்கா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்ல? ஒரு விளையாட்டு இருக்கு. ஊர் கட்டுற விளையாட்டு. நாட்டுல விக்கிற உரிமை எனக்குக் கெடச்சிருக்கு. ஆனா ஒருத்தனுக்கும் அதுல இருக்கிற எழுத்து புரியல.”

“விளையாட்டுல என்னப்பா எழுத்து?”

“நீங்க வந்து பாருங்க. நூத்துக்கணக்குல வரி. பெட்டி மேலயே உங்க பேரைப் போடறேன்.”

விளையாட்டின் பெயர் ‘மேயர்’. வெற்று நிலத்தில் ரோடு போடலாம், மின்நிலையம் வைக்கலாம், வீட்டுக்கு இவ்வளவு, ஆலைக்கு இவ்வளவு என்று இடம் ஒதுக்கலாம். ஜனங்கள் குடிவருவார்கள். குடிவந்த கையோடு மேயருக்குப் புகார்க் கடிதம் எழுத ஆரம்பிப்பார்கள். எடெல்காவுக்கு அந்தக் கடிதங்கள்தான் பிடித்தன. லோராந்த் கூலிக்குப் பதிலாக ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து சமையலறை மேசையில் வைத்தான். அவள் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. ஒரு வரிக்கு முப்பத்தெட்டு எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. ஹங்கேரிய வார்த்தைகளோ சரக்கு ரயில் மாதிரி நீளமானவை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதி, அடித்து, மறுபடி எழுதி, எட்டு மாதம் உழைத்தாள். ஆங்கிலத்தில் புகார் எழுதியவர்களுக்கெல்லாம் உப்புச்சப்பில்லாத பெயர்கள். அவள் அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தன் கட்டடத்தில் வசிப்பவர்களின் பெயரை வைத்தாள். சும்மா வைக்கவில்லை, லிஃப்டில் பார்க்கும்போது ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான். விஷயம் பரவியதும் அவர்களே தேடிவந்தார்கள்.

எதிர் வீட்டு கொர்மோஷ் வில்மா ஆலைச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவள். அவள்தான் முதல் ஆள். “எனக்கு எந்தப் புகார் குடுத்திருக்க?”

“புகைதான் வில்மாக்கா.”

“என்னன்னு?”

“‘மேயரே, துணியெல்லாம் கறுத்துப்போச்சு. நீரே வந்து துவையும்’னு.”

வில்மா சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். “மேயருக்கு இது போதாது. இருந்தாலும் போகட்டும்.”

ஒரு வரி மட்டும் வில்மாவின் வீட்டுச் சொத்து. எழுபதுகளில் அந்தக் குன்றில் பத்து மாடிக் கட்டடங்கள் எழும்புவதற்கு முன் அங்கே திராட்சைத் தோட்டங்களும் சின்னச் சின்ன வீடுகளும் இருந்தன. வில்மாவின் பெற்றோர் வீட்டை இடிக்க நாள் குறித்திருந்தார்கள். இயந்திரம் ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டது. அப்பா கீழே நிலவறையில் ஒயின் பீப்பாய்களை எடுத்துக்கொண்டிருந்தார். மேலே சுவர் விழுந்தது. ஓட்டுநர் இறங்கிக் காகிதத்தில் ‘இடம் சுத்தம்’ என்று குறித்துக்கொண்டிருந்தபோது, சந்தையிலிருந்து வந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாளாம்: “இடிச்சாச்சு. உள்ள ஆள் இருந்தாங்களான்னு பாத்தியா?” அரைமணி நேரம் கழித்து அப்பா பக்கத்து நிலவறை வழியாகத் தலை முதல் கால்வரை சுண்ணாம்பாக வெளியே வந்தார், கையில் ஜாடியோடு. அந்தக் கட்டடத்தில் இந்தக் கதை தெரியாதவர் கிடையாது.

விளையாட்டில் மேயர் ஒரு வீட்டை இடித்தால் ஆங்கிலத்தில் ‘இடம் காலி’ என்று வரும். எடெல்கா வில்மாவின் அனுமதியோடு அந்த இடத்தில் அம்மாவின் கேள்வியை வைத்தாள். சுருக்கி, நறுக்கி, சரியாக முப்பத்தெட்டு எழுத்தில்.

பெட்டி வந்தது. பெயர் வரவில்லை. “அட்டையில இடமில்லைக்கா, அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்,” என்றான் லோராந்த். மகளுக்குப் பள்ளிக்கூடம், தனக்கு வேலை தேடல். எடெல்கா அதோடு விட்டாள். பிறகு வெந்நீர்க் குளியல் குளத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலை கிடைத்தது. லோராந்த் கடையைப் பெரிதாக்கி புடாபெஸ்ட் போனான். வருஷங்கள் ஓடின.

போன வருஷம் மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இப்போது மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கும் ஷரோல்டா மடிக்கணினியோடு வந்தாள். “அம்மா, உன் விளையாட்டைப் புதுசாக்கி விக்கிறாங்க. படமெல்லாம் பளபளன்னு இருக்கு. உக்காரு.”

எடெல்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ரோடு போட்டாள். ஆற்றங்கரையில் ஆலை வைத்தாள். நாலு வீதி நிறைந்ததும் முதல் கடிதம் வந்தது. ‘மேயரே, துணியெல்லாம் கறுத்துப்போச்சு. நீரே வந்து துவையும். — கொர்மோஷ் வில்மா.’ எடெல்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்தடுத்து எல்லாரும் வந்தார்கள். மூன்றாம் மாடி தபால்காரர், எட்டாம் மாடி வயலின் வாத்தியார், செத்துப் பத்து வருஷமான லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் மெக்கானிக் பேருந்து தாமதம் என்று அன்றைக்குப் போலவே இன்றைக்கும் முறையிட்டுக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தட்டில் இருந்த பொகாச்சா ரொட்டி ஆறிப்போனது.

“யார் செஞ்சதுன்னு போட்டிருக்காங்களா பாரு,” என்றாள்.

ஷரோல்டா பட்டியலைத் திறந்தாள். மடிக்கணினியை அம்மா பக்கம் திருப்பினாள். திரையில் இருந்தது: ‘ஹங்கேரிய உரை: லோராந்த்’. பக்கத்தில் அவன் படம்கூட இருந்தது. தாடி வைத்திருந்தான்.

“சரி,” என்றாள் எடெல்கா. அந்த ‘சரி’யின் தொனி ஷரோல்டாவுக்குத் தெரியும். சின்ன வயதில் அது கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடுவாள்.

எடெல்கா ஒரு வீட்டை இடித்தாள். திரையில் வந்த வரி: ‘நிலம் வெற்றிகரமாகச் சீரமைக்கப்பட்டது!’ ஆச்சரியக்குறி வேறு.

அவள் இன்னொரு வீட்டை இடித்தாள். அதே வரி. ஒரு வீதி முழுக்க இடித்தாள், பள்ளிக்கூடத்தை இடித்தாள், தீயணைப்பு நிலையத்தை இடித்தாள். ஒவ்வொன்றுக்கும் வெற்றி, ஆச்சரியக்குறி.

“என் பேரைத் திருடினான், தொலையட்டும். வில்மாக்காவோட அம்மா கேட்ட கேள்வியை எடுக்க இவனுங்க யாரு? வெற்றியாம்ல வெற்றி! யாருக்குடி வெற்றி?”

அன்று மாலையே விளையாட்டை விற்கும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாள். இரண்டு நாளில் பதில் வந்தது: ‘உங்கள் கருத்துக்கு நன்றி. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ அவள் லோராந்துக்குத் தொலைபேசியில் பேசினாள்.

“ஐயோ எடெல்காக்காவா! எப்படி இருக்கீங்க? உடம்பெல்லாம் சௌக்கியமா?”

“உடம்பு இருக்கட்டும். அந்த உரை யார் எழுதினது?”

“அக்கா, அதெல்லாம் பழங்கதை. அப்ப எல்லாரும் சேர்ந்துதானே செஞ்சோம்.”

“எல்லாரும்னா? நீ எத்தனை வரி எழுதின?”

“யோசனை என்னோடதுல்ல?”

“சாப்பிடணும்னு நெனச்சவன் எல்லாம் சமையல்காரனாடா?”

மறுமுனையில் வேறு அழைப்பு வந்துவிட்டது.

மே மாதம் நகர நூலகத்தில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் பழைய விளையாட்டுகளைப் பற்றிக் கூட்டம் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். சிறப்புப் பேச்சாளர் லோராந்த். தலைப்பு: ‘மேயருக்கு நான் ஹங்கேரிய மொழி கற்றுக்கொடுத்த கதை’. எடெல்கா அந்தச் சுவரொட்டியை டிராம் நிறுத்தத்தில் படித்தாள். இரண்டு டிராம் போய்விட்டது.

அன்றைக்கு அவள் தனியாகப் போகவில்லை. எண்பத்தெட்டு வயது வில்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். வில்மா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, உதட்டுச் சாயமும் பூசிக்கொண்டிருந்தாள்.

நாற்பது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் நரைக்கத் தொடங்கிய ஆண்கள். சின்ன வயதில் அந்த விளையாட்டை ஆடியவர்கள். லோராந்த் நன்றாகத்தான் பேசினான். முப்பத்தெட்டு எழுத்துக் கட்டுப்பாடு, கட்டம் போட்ட நோட்டு, கண் எரிச்சல் எல்லாவற்றையும் தான் பட்டதாகவே சொன்னான். ஜனங்கள் ரசித்தார்கள். “உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாத்திரம் எது?” என்று ஒருவர் கேட்டார்.

“சந்தேகமே இல்ல, கொர்மோஷ் வில்மா,” என்றான். கூட்டம் கைதட்டியது. எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருந்தது.

எடெல்கா எழுந்தாள். “ஒரு கேள்வி. அந்த வில்மா யாரு?”

லோராந்த் அவளைப் பார்த்துவிட்டான். முகம் ஒரு கணம் செத்தது, உடனே உயிர் வந்தது. “கற்பனைதாங்க. ஒரு பொதுவான ஹங்கேரியக் குடும்பப் பெண். திடீர்னு மனசுல தோணின பேரு.”

“பொதுவான பொண்ணா?” என்றது இன்னொரு குரல். வில்மா முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெள்ள எழுந்தாள். “டேய் லோராந்த், உன் கடையில தண்ணி ஒழுகினப்ப வாளி குடுத்தது யாருடா? அந்த வாளி இன்னும் திரும்பி வரல.”

சிரிப்பு வெடித்தது. வில்மா கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து முன்வரிசைக்காரரிடம் நீட்டினாள். “சத்தமாப் படிப்பா.”

அவர் ‘கொர்மோஷ் வில்மா’ என்று படித்தார். எல்லாரும் அவளை எட்டிப் பார்த்தார்கள்.

“புகையைப் பத்திக் கடிதம் எழுதினது நான். எழுதிக் கொடுத்தது இவ,” என்று எடெல்காவைக் காட்டினாள். “இடிச்சா ஒரு வரி வருமே, ஞாபகம் இருக்கா? அது எங்கம்மா கேட்டது. எங்கப்பா உள்ள இருந்தாரு. நீ அதை மாத்தி என்னமோ வெற்றின்னு போட்டிருக்கியாமே?”

“அது நிறுவனம் எடுத்த முடிவும்மா. அந்த வரி விளையாடறவங்களுக்குச் சங்கடமா இருக்குன்னு—”

“சங்கடமாத்தான் இருக்கணும்!” எடெல்காவின் குரல் கூரையில் இடித்தது. “வீட்டை இடிக்கிறவனுக்குச் சங்கடம்கூட இருக்கக் கூடாதா? அதுக்கு ஒரு வரிகூட மிச்சம் வைக்க மாட்டீங்களா?”

அவள் பையிலிருந்து கணக்கு நோட்டுகளை எடுத்து மேடை மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஏழு நோட்டு. கட்டத்துக்கு ஓர் எழுத்து. பின்வரிசையிலிருந்தவர்கள் முன்னால் வந்து குனிந்து பார்த்தார்கள். ஒருவர் தனக்கு மனப்பாடமான ஒரு வரியைக் கண்டுபிடித்துச் சத்தமாகப் படித்தார், இன்னொருவர் அதை முடித்துவைத்தார். லோராந்த் “கூட்டு முயற்சின்னுதான் நானும் சொல்ல வந்தேன்,” என்றான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. நூலகப் பெண் அவனுக்குக் கொடுக்க வைத்திருந்த பூங்கொத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

கூட்டத்தில் இருந்தவர்கள் இணையத்தில் எழுதினார்கள். நிறுவனத்துக்குச் சூடு பட்டது. ஜூலையில் பட்டியலைத் திருத்தினார்கள். லோராந்தின் பெயருக்கு வெகு கீழே, ‘சிறப்பு நன்றி’ என்ற தலைப்பில், அலுவலகத்துக்குக் காப்பி கொண்டுவருபவருக்கு அடுத்தபடியாக, ‘எட்டல்கா’ என்று போட்டிருந்தார்கள். பெயரையே தப்பாக.

“எட்டல்காவாம்! முந்நூறு பக்க உரையில ஒரு எழுத்துப் பிழை விடாதவ நான்.”

இடிக்கும் வரியைப் பற்றிக் கேட்டதற்கு, அது தங்களின் ‘நேர்மறை அணுகுமுறைக்கு’ ஒத்துவராது என்று பதில் வந்தது.

அதன் பிறகு அவள் அவர்களைக் கெஞ்சவில்லை. விளையாட்டு உரைகளைத் தாங்களே மொழிபெயர்த்து இலவசமாகப் போடும் ஆட்கள் ஹங்கேரியில் நிறைய. நூலகத்தில் முன்வரிசையில் இருந்தவர் அப்படிப்பட்ட ஒருவர், ரயில்வேயில் சிக்னல் பழுதுபார்ப்பவர். விளையாட்டின் உரைக்கோப்பைத் திறக்கும் விதத்தை அவர் சொல்லிக் கொடுக்க, இரண்டு வாரத்தில் எடெல்கா உரை முழுவதையும் பழையபடி மாற்றினாள். நிறுவனம் கெடுத்திருந்தது அந்த ஒரு வரி மட்டுமல்ல, மொத்தம் நாற்பத்தியொன்று என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திட்டிக்கொண்டே திருத்தினாள். கோப்பின் முதல் வரியில் தன் முழுப்பெயரைச் சரியான எழுத்துகளோடு போட்டாள். இணையத்தில் ஏற்றிய முதல் வாரத்தில் ஆயிரத்து இருநூறு பேர் எடுத்துக்கொண்டார்கள்.

அக்டோபரில் டெப்ரெட்சனிலிருந்து ஒருவர் கடிதம் எழுதியிருந்தார்: ‘அம்மா, உங்கள் வரி வந்ததிலிருந்து எனக்கு எதையும் இடிக்கக் கை வரவில்லை. ஊர் நடுவே ரோடு முட்டி நிற்கிறது. என்ன செய்ய?’

எடெல்கா அதை ஷரோல்டாவிடம் படித்துக்காட்டினாள். அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிறுவனத்துக்கு ஐந்தாவது கடிதத்தைத் தொடங்கினாள்.

“இன்னுமாம்மா? அதான் சனம் முழுக்க உன்னோடதைத்தானே ஆடுது.”

“கடையில விக்கிறதுல இன்னும் அவன் தாடிதான் இருக்கு,” என்றாள் எடெல்கா. “நீ போய்த் தேத்தண்ணி போடு. எலுமிச்சை வேணாம், இன்னிக்கு வயிறு சரியில்ல.”