இத்தாலியத் தொடக்கமும் என் விடுதலைக் கடிதமும்

என் நாட்குறிப்பில் இதை எழுதிவைத்த தாளில் ஆண்டு இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி என்பதும், சனிக்கிழமை என்பதும் உறுதி. மலாயாவின் ஈப்போ நகரில் ஒரு வாசகசாலை நடத்திய சதுரங்கப் போட்டி. எனக்கு எதிரே உட்கார்ந்தவர், செமோர் பக்கம் நான் சின்னக் கிராணியாகக் கணக்கெழுதிய ரப்பர் தோட்டத்தின் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர்.

ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் தோட்டம் என்னை வேலையிலிருந்து விடுவிக்கும் விடுதலைக் கடிதத்தைக் காட்டாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். கடிதம் ஒரு வாரமாக அவர் மேசையில் கிடந்தது.

அவருக்கு வெள்ளைக் காய்கள். இத்தாலியத் தொடக்கம்: ராஜா முன்னிருக்கும் காலாள் இரண்டு கட்டம், பிறகு குதிரை, பிறகு மந்திரி. தோட்டத்து ஆபீசில் இருவரும் ஒரே புத்தகத்தைப் பார்த்துப் பழகியது. பத்தாவது நகர்த்தல்வரை எனக்குக் குறையில்லை. பிறகு நடு வரிசை திறந்தது. அவருடைய யானை என் ராஜாவுக்கு நேரே வரப் பார்த்தது. ராஜாவை ஓரத்துக்கு ஒதுக்கிக் கோட்டை கட்டியிருந்தால் போதும். நானோ ராஜாவைத் தூக்கிக் குதிரை போலத் தாவ வைத்துவிட்டேன். எங்கள் ஊர் ஆட்டத்தில் ராஜாவுக்கு ஒரு முறை அந்த உரிமை உண்டு. இங்கிலீஷ் ஆட்டத்தில் இல்லை. தொட்ட ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தியாக வேண்டும், தண்டனையாக நகர்த்தும்போது கோட்டை கட்டவும் கூடாது என்றார் நடுவர். நகர்த்தினேன். என் மூலை யானை வெளியே வர வழியின்றி அங்கேயே அடைபட்டது. இருபத்து மூன்றாவது நகர்த்தலில் தோற்றேன்.

பக்கத்துத் தோட்டத்துக் கிராணி ஒருவர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். “கெட்டிக்காரன் மச்சான் நீ. கடுதாசி கைக்கு வந்துரும் லா.”

பெரிய கிராணிக்கும் அது கேட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை என்னைத் தோட்டத்து ஆபீசுக்கு அழைத்தார்.

“நீர் வேணுமெண்டே தோத்தனீர். இப்ப நான் கையெழுத்து வைச்சா, அதுக்குக் கைம்மாறு செய்த மாதிரிப் போயிடும்.”

“இல்லீங்க ஐயா, பழக்கத்துல கை போயிருச்சு.”

அப்படியானால் அதே தொடக்கத்தை இன்னொரு தடவை ஆடிக் காட்டச் சொல்லி, காலாளை நகர்த்தினார். வென்றால், நேற்று விட்டுக்கொடுத்தது உறுதியாகிவிடும். தோற்றால், இன்றும் விட்டுக்கொடுத்தேன் என்பார். என்னால் ஆட முடியாது என்று சொன்னேன். அவர் காய்களைப் பெட்டியில் அடுக்கினார். கடிதத்தை இழுப்பறைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன், வழக்கம்போல், தோட்டத்து ஆட்கள் வேலைக்கு முன் கூடும் பெரட்டில் நின்று அவர்களின் பெயர்களைக் கூப்பிட்டேன்.