அல்தெமாரின் பாதி ஜீப்

நோஹெலியா புருஷன் அல்தெமாரை விட்டுப் போனபோது ஜீப்பின் பாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். பாடி அவள் அப்பா போட்டுக் கொடுத்தது. அடிச்சட்டமான சேஸும் எஞ்சினும் அவனுடையவை. எங்கள் மலையூர் கலர்காவில் யாரும் இதை அதிசயமாகப் பார்க்கவில்லை, நியாயம்தானே என்றார்கள். அவள் அதில் கோழி வளர்த்தாள். அவன் வெறும் சேஸில் ஒரு நாற்காலியைக் கட்டி, மழையில் குடை பிடித்தபடி மலைப்பாதையில் வாழைத்தார் ஏற்றினான்.

ஒரு நாள் பாரம் தாங்காமல் சேஸ் நடுவில் விரிசல் விட்டது. இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான்.

"மச்சான், வெல்டு வச்சு, புதுசு மாதிரி நிமித்திக் குடு. காப்பி அறுவடைக்குப் பாடிய இரவல் தர்றேன்னு சொல்லியிருக்கா."

"உனக்குப் பாடி வேணுமா, அவ வேணுமா?"

"பாடிதான்" என்றான். காது சிவந்துவிட்டது. பாவி, அவளுக்காக ஏங்கிப் பாதி ஆளாகியிருந்தான்.

மூலைக்கு மூலை நூல் பிடித்து நிமிர்த்தினேன். அப்படி ஒரு நேர்மட்டம் என் கையால் அதுவரை வந்ததில்லை.

பாடி லாரியில் வந்தது. உள்ளே கோழிகளோடு நோஹெலியாவும் உட்கார்ந்திருந்தாள். என் பொருள், நான் இறங்கமாட்டேன் என்றாள். அவளோடு சேர்த்தே தூக்கி வைத்தோம். ஒரு போல்ட்டு ஓட்டைகூடப் பொருந்தவில்லை, கதவைச் சாத்த முடியவில்லை. முப்பது வருடம் கோணல் சேஸில் கிடந்து பாடியும் அதே கோணலுக்குப் போயிருந்தது.

"பாடியத் தட்டி நேராக்கிடலாம், தாயி" என்றேன்.

"கைய வச்சுப் பாரு, முறிச்சிடுறேன்!" புருஷன் பக்கம் திரும்பினாள். "யோவ், உன்ன யாரு நிமித்தச் சொன்னா? நான் கோணல்லயே உட்கார்ந்து பழகினவ."

அல்தெமார் என்னைப் பார்த்தான். "மச்சான், பழையபடி வளைச்சிடு."

இதைக் கேட்க எவனுக்காவது வாய் வருமா? பாடியை இறக்கி, சங்கிலி போட்டு, ஜாக்கி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சேஸை வளைத்தேன். அவள் உள்ளிருந்தபடியே அளவு சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்... போதும், போதும்."

மறுபடி ஏற்றினோம். போல்ட்டுகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அல்தெமார் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தயங்கினான். "உன்ன எங்க இறக்கி விடணும்?"

"பாடி போற இடத்துக்கு நான் போவேன். சேஸ் போற இடத்துக்குப் பாடி போவும். இதுகூடவா சொல்லித் தரணும்? வீட்டுக்கு எடுய்யா வண்டிய!"

அல்தெமார் அழுதுவிட்டான். நானும் அழுதேன், ஆனால் நான் அழுதது அந்தச் சேஸுக்காக.