இல்லாததை விற்க மறுத்த மனோகரி

மனோகரி இறந்த செய்தி எனக்கு ரொறன்ரோவிலிருந்து வந்தது. நான் இருப்பது வவுனியாவில். அவர் இறந்தது தர்மபுரத்தில். பஸ் ஓடிய காலத்தில் காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம். இப்போது சண்டை, பாதை இல்லை. அங்கிருந்து யாரோ எப்படியோ கனடாவிலுள்ள உறவினருக்குச் சொல்ல, அவர் அங்கேயுள்ள எங்கள் பழைய முதலாளி சிவநாதனுக்குச் சொல்ல, சிவநாதன் எனக்கு ரெலிபோன் எடுத்தார். அண்ணன் என்பதற்கு எங்கள் முஸ்லிம் ஆட்கள் சொல்லும் 'நானா' என்றே அவரும் என்னைக் கூப்பிடுவார்.

"நானா, மனோகரி போயிட்டா. பாம்பு கடிச்சிட்டுதாம்."

"எப்ப?"

"கிழமைக்கு மேலயாம்."

சண்டை நெருங்க முரசுமோட்டை வீட்டை விட்டு, தாயையும் கூட்டிக்கொண்டு போய், தர்மபுரத்தில் ஒரு வளவில் தறப்பாள் கூடாரம் கட்டி இருந்தார்களாம். மாரி வெள்ளத்தில் பாம்புகளும் மேட்டு நிலம் தேடித்தான் வரும். நாற்பது வயது வரவில்லை அவருக்கு. நான் வவுனியாக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு நாளில் அவரை எரித்திருக்கிறார்கள்.

கிளிநொச்சிக் கடையில் எங்களோடு வேலை செய்தவர்களே, இதை நீங்கள் எங்கே இருந்து, எப்போது வாசிப்பீர்களோ எனக்குத் தெரியாது. செத்தவீட்டுக்குப் போக முடியாத ஒருவன் வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். ஓரிடத்தில் இருந்து எழுதவும் முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழும்பிப்போய் வாசலில் நிற்கிறேன், திரும்பி வருகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமாதானம் வந்து பாதை திறந்த பிறகு, ரொறன்ரோவிலிருந்த சிவநாதன் ஓர் இணையக்கடை தொடங்கினார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கணினியில் பார்த்து அரிசி, பால்மா, சேலை, சைக்கிள் என்று வாங்குவார்கள். அந்தச் சாமானை வன்னியில் இருக்கும் தாய் தகப்பன் வீட்டில் நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்போம். சாமான்களை வவுனியாவில் வாங்கி அனுப்புவது என் வேலை. முல்லைத்தீவில் பிறந்து, இடம்பெயர்ந்து, பாதை திறந்ததும் வவுனியாவரைக்கும் திரும்பி வந்த வியாபாரி நான். கிளிநொச்சியில் களஞ்சியமும் கணக்கும் மனோகரியின் பொறுப்பு. அவரும் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த குடும்பம்தான். கணக்கு படித்தவர், கிளிநொச்சியில் கணினியும் படித்து முடித்திருந்தார். என்னை நானா என்றார். நான் தங்கச்சி என்றேன்.

தொடங்கிய நாளிலேயே குழப்பமும் தொடங்கியது. ரொறன்ரோவில் இருந்த கடைக்குக் கிளிநொச்சிக் களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. களஞ்சியத்துக்குக் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஒரே பால்மாவை இணையத்தில் ஒரு பெயரில் போட்டிருந்தார்கள். கணக்கில் வேறு பெயர். களஞ்சியத்துப் பெடியளுக்கு அது 'பெரிய சிவப்பு'. ஒருநாள் மனோகரி பஸ் பிடித்து வவுனியாவுக்கு வந்து என் கடை வாசலில் நின்றார். குடையை மடிக்கவும் இல்லை.

"நானா, நீங்கள் அனுப்பிற துண்டில 'நல்ல அரிசி' எண்டு எழுதியிருக்கு. எது நல்ல அரிசி?"

"நல்லதுதான் தங்கச்சி. சம்பா."

"அங்க அது சம்பா எண்டு ஒரு மூட்டையும், நல்ல அரிசி எண்டு இன்னொரு மூட்டையுமாக் கிடக்கு. ஒரு சாமானுக்கு மூண்டு பேர் வைச்சா அது மூண்டு கடை. நாங்கள் ஒரு கடை நடத்துவமோ?"

அன்று முழுதும் என் கடையில் கதிரையில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்கவில்லை. ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, அதற்கு ஓர் இலக்கம் வைத்தார். ரொறன்ரோ, கிளிநொச்சி, வவுனியா, மூன்று இடத்திலும் அந்த ஒரே இலக்கம். பிறகு கிளிநொச்சிக் கணினியில் தானே ஒரு செயலி எழுதினார். பின்னேரத்தில் கொஞ்ச நேரம் இணையத்தொடர்பு கிடைக்கும். அந்த நேரத்தில் களஞ்சியத்து இருப்பு ஒரு கோப்பாக ரொறன்ரோவுக்குப் போகும். அங்கே விற்றது இன்னொரு கோப்பாக வரும். வந்ததும் இருப்பில் அது குறையும், கணக்கில் ஏறும், பொதி கட்டுவதற்கான துண்டும் அச்சாகி வரும். இதைப் பெரிய நகரங்களில் இருப்பவர்கள் இலேசாகச் செய்திருப்பார்கள். ஜெனரேற்றரை நம்பிக்கொண்டு, தொடர்பு எப்போது அறுந்துபோகும் என்று தெரியாமல், மனோகரி அதைச் செய்தார். தொடர்பு வரும்வரை களஞ்சியத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்துகொண்டே இருப்பார்.

இருந்தும் ஒரு பிழை நடந்தது. சுவிஸில் இருந்த ஓர் அண்ணன், இரணைமடுப் பக்கம் இருந்த தன் தங்கை ஜெயந்திக்குத் தையல் மெசின் ஒன்று வாங்கினார். களஞ்சியத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அதே நாள் காலையில் கிளிநொச்சிக் கடைக்கு நேரில் வந்த ஒருவர் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த விற்பனை ரொறன்ரோவுக்குத் தெரியப் பின்னேரம் ஆகும். இடையில் சுவிஸ் அண்ணன் வாங்கிவிட்டார். மெசின் வருகிறது என்று நம்பிய ஜெயந்தி, பக்கத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளுக்குத் துணி வாங்கி வைத்துவிட்டார். கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். அவருக்கு அது முதல் தொழில்.

ஒரு கடிதம் கொடுத்து அனுப்புவோம் என்று மற்றவர்கள் சொன்னார்களாம். மனோகரி சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே போனார். வாய்க்கால் கரையில் இருந்த அந்த வீட்டு வாசலில் நின்று, "அக்கா, எங்களிட்ட இல்லாத சாமானை உங்கட அண்ணாவுக்கு வித்துப்போட்டம். பிழை எங்கட," என்று சொல்லியிருக்கிறார். ஜெயந்தி ஏசவில்லையாம். "அப்ப இந்தத் துணியை என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டாராம். அந்தக் கேள்வியோடு மனோகரி எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

அடுத்த நாள் வவுனியா முழுக்கத் தேடி ஒரு மெசினை வாங்கினேன். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அதைப் பெட்டியிலிருந்து இறக்கி, தலையைத் தனியாக, காலைத் தனியாகக் கழற்றிப் பார்த்து, திரும்பப் பூட்டுவதற்குள் பஸ் போய்விட்டது. நெற்றிக்கு நேரே வெயில். ஒரு லொறிக்காரரிடம் கெஞ்சி ஏற்றிக்கொண்டு போனேன். மறுபக்கத்தில், தெருவோரம், மனோகரி நின்றார். காலையிலிருந்து நிற்கிறார். நேரே மெசினிடம் போய்ச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அது சுற்றியது. அப்போதுதான் "சாப்பிட்டனீங்களோ நானா?" என்றார்.

அதற்குப் பிறகு எந்தச் சாமானிலும் இருப்பு முழுவதையும் ரொறன்ரோவுக்குச் சொல்ல மாட்டார். தொடர்பு இல்லாத நேரத்துக்கென்று கொஞ்சத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் காட்டுவார். ஒன்றே ஒன்று இருந்தால் இணையத்தில் அது இல்லை.

அவர் எப்போதும் முறுக்கிக்கொண்டு இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டுக்குட்டி விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். ஜேர்மனியில் இருந்த ஒருவர் தாய்க்கு ஓர் ஆடு வாங்கினார். ஆட்டைக் கொண்டுவந்து களஞ்சியத்துக்குப் பின்னால் கட்டி வைத்தோம். தாய் ஊரில் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் ஆடு இரண்டு குட்டி போட்டுவிட்டது. இருப்பில் ஒன்று, கட்டையில் மூன்று. வாங்காமல் வந்த சாமானைச் செயலி ஏற்க மறுத்தது.

"கொள்வனவு எண்டு போடவோ?" என்று கேட்டேன்.

"ஆரிட்ட வாங்கினது எண்டு கேக்கும் நானா. கிடாயின்ர பேர் தெரியுமோ?"

சொல்லிவிட்டுத் தானே சிரிக்கத் தொடங்கினார். அரிசி மூட்டையில் சாய்ந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தார். மூன்றையும் அந்தத் தாயிடமே கொடுத்தோம்.

ஆனால் ஒரு தைப்பொங்கலுக்கு எங்கள் எல்லாரையும் அவர் கலங்கடித்தார். பொங்கலுக்குத்தான் எங்களுக்குப் பெரிய வியாபாரம். பச்சரிசி, சர்க்கரை, வேட்டி எல்லாம் சேர்த்து ஒரு பொதி. ரொறன்ரோ வானொலியில் விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. கிளிநொச்சி அனுப்பும் எண்ணிக்கை காணாது என்று கண்ட சிவநாதன், இணையத்தில் அதைத் தன் கையால் கூட்டிவிட்டார். 'இருக்கு எண்டு போடுவம், பிறகு நானா எப்படியும் வாங்கித் தருவார்' என்பது அவர் எண்ணம். வந்த கோப்பைப் பார்த்ததும் மனோகரிக்கு விளங்கிவிட்டது. தான் காட்டியதைவிடக் கூட விற்றிருக்கிறது. அன்று பின்னேரம் எல்லாச் சாமானுக்கும் பூச்சியம் போட்டு அனுப்பினார். ரொறன்ரோவில் கடை வெறுமையாகிவிட்டது.

சிவநாதன் என்னிடம் கத்தினார். நான் சர்க்கரையும் வேட்டியும் வாங்கி அடுக்கி வைத்திருந்தவன். எனக்கும் தலை கொதித்தது. விடிந்ததும் பஸ் ஏறிப்போய்க் களஞ்சியத்துக்குள் நின்று சத்தம் போட்டேன்.

"இருக்கிற சாமானையும் சேத்து மூடுறதுக்கு உனக்கு ஆர் சொன்னது?"

மனோகரி பொதி கட்டுவதை நிறுத்தவில்லை.

"எது இருக்கு, எது இல்லை எண்டு இப்ப எனக்கே தெரியாது நானா. எண்ணிப்போட்டுத் திறப்பன்."

"ஒரு நாள் பிந்தினா என்ன? பொங்கல் முடியக் குடுத்தா வாங்கமாட்டினமோ?"

அப்போதுதான் நிமிர்ந்தார். "மகன் அங்க காசைக் கட்டிப்போட்டுத் தாய்க்குப் போன் எடுத்துச் சொல்லியிருப்பான். அவா பொங்கலண்டு காலமை வரைக்கும் ரோட்டைப் பாத்துக்கொண்டு இருப்பா. வராது எண்டு அவாக்கு ஆர் போய்ச் சொல்லுறது? ஜெயந்தி அக்காவிட்ட நான் போனனான். இந்தமுறை நீங்கள் போறீங்களோ?"

நான் சேர்ட் கையை மடித்துக்கொண்டு அவரோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினேன். அடுத்த நாள் கடை திறந்தது. விற்ற எல்லாம் பொங்கலுக்கு முன் போய்ச் சேர்ந்தன. ஆனால் நல்ல வியாபாரத்தில் பெரும்பகுதி போய்விட்டது. என் சர்க்கரை மாசிவரை கிடந்து கட்டிப்பட்டது. பூட்டிக்கிடந்த அந்த நேரத்தில் வாங்க வந்து திரும்பிப் போன பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய வீட்டுக்குப் பொதியே போகவில்லை. அவர் செய்தது முழுக்கச் சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. சிவநாதன் கன நாளாக அவரோடு நேரே கதைக்கவில்லை. ஆனால் இணையத்து எண்களில் பிறகு ஒருபோதும் கை வைக்கவும் இல்லை.

சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை மூடியபோது, வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு கட்டி வாங்கிய சாமான்கள் பாதி கிளிநொச்சியில், பாதி என்னிடம். என்னிடம் இருந்தவை அசையவில்லை. எப்படியோ தொடர்பு கிடைத்து ஒருநாள் மனோகரி கதைத்தார்.

"இனி ஒண்டும் விக்க வேண்டாம் எண்டு சிவநாதனுக்குச் சொல்லுங்கோ. வித்ததை நான் பாக்கிறன்."

"களஞ்சியத்தில என்ன கிடக்கு?"

"அரிசி கொஞ்சம், பால்மா, சவுக்காரம். நேற்று, சேலை கேட்டிருந்த வீட்டில அரிசி கொண்டுபோய் இறக்கினனான். கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்குப் பால்மாவைப் பிரிச்சுக் குடுத்திட்டன், அவையள் கேட்டது வேற. கணக்கில எல்லாம் பிழை நானா. ஒண்டும் ஒண்டோட பொருந்தாது."

வேட்டிக்குப் பதிலாகச் சாரம் அனுப்பலாமா என்று கேட்டதற்கு ஒருமுறை என்னோடு இரண்டு நாள் கதையாமல் இருந்தவர் அவர்.

"பரவாயில்லை தங்கச்சி," என்றேன்.

"ஓம், பரவாயில்லை," என்றார். "அம்மா கூப்பிடுறா. வைக்கிறன்."

நான் கேட்ட கடைசிக் குரல் அது. பிறகு இந்த இரண்டு வருடமும் அவர் பற்றி வந்ததெல்லாம் யாரோ சொன்ன கதைகள். களஞ்சியத்துக் கூரைத் தகரங்களைக் கழற்றி ஆட்களுக்குக் கொடுத்தாராம். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாராம். எது உண்மை என்று அவரிடம் கேட்க இனி வழியில்லை. தாய் இப்போது யாரோடு இருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியாது. அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

வன்னிச் சண்டைக்குள்ளிருந்து வருபவர்களை வவுனியா முகாம்களில் வைத்திருக்கும் இந்த நாட்களில் எனக்கு வெளிநாட்டிலிருந்து ஓயாமல் ரெலிபோன் வருகிறது. முன்பு எங்கள் கடையில் வாங்கியவர்கள் என் இலக்கத்தை இன்னும் வைத்திருக்கிறார்கள். "அம்மா வெளியில வந்திட்டாவோ? தம்பியைக் கண்டனீங்களோ?" முதலில் நானும் எல்லாரையும் போல, "இருப்பினம், ஒண்டும் யோசியாதேங்கோ," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு நன்றி சொல்வார்கள். மனோகரியின் செய்தி வந்த பிறகு அந்த வார்த்தை வாயில் வருவதில்லை. "எனக்குத் தெரியாது. பேரைச் சொல்லுங்கோ, போய்க் கேட்டிட்டுச் சொல்லுறன்," என்கிறேன். பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கும் முகாம் வேலிக்கும் போய் நின்று, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறேன். பெரும்பாலும் பதில் வராது. வராவிட்டால் வரவில்லை என்றே சொல்கிறேன். அவர்கள் வைக்கும்வரை நான் ரெலிபோனை வைப்பதில்லை.

மனோகரியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான். இதுவும் நிம்மதியான சொத்து இல்லை. இப்போதுகூட, இதை எழுதும்போது, காலையில் கிடைத்த ஒரு பெயர் சட்டைப்பையில் இருக்கிறது. முரசுமோட்டையைச் சேர்ந்த ஒரு தாய், மகள் நோர்வேயில். வேலிப்பக்கம் ஆட்களை விடும் நேரமாகிறது. எழும்புகிறேன்.