முகத்தைக் காட்டாத மூன்று நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. தல்லாகுளத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்புக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பஞ்சவர்ணம் மதினியிடமிருந்து போன் வந்தது. "ராணி, உங்கண்ணன் போய்ட்டாரு" என்றார். உடனே வாரேன் என்றேன். விடுப்புக் கேட்கப் போனபோது, இறந்தவர் என்ன உறவு என்று அதிகாரி கேட்டார். அண்ணன் என்றேன். கூடப்பிறந்தவரா என்று மறுபடி கேட்டார். அதைவிடக் கொஞ்சம் கிட்ட என்று சொல்லிவிட்டு, அவர் முகம் போன போக்கைப் பார்க்க நிற்காமல் ஆட்டோ பிடித்துச் செல்லூர் போய்ச் சேர்ந்தேன்.

செல்லூர் சோலைமலை என்றால் மதுரையில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்ட பல குடும்பங்களுக்குத் தெரியும். முழுநீளப் படம் என்று அவர் ஒளிப்பதிவு செய்தது ஒன்றே ஒன்று. அதில் கதாநாயகி நான். மறுநாள் கைபேசியில் வந்து குவிந்த இரங்கல் குறிப்புகளில் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்: சென்னைக்குப் போயிருந்தால் பெரிய ஆளாகியிருப்பார். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சின்ன ஆளாக இருந்தார் என்று இவர்களிடம் யார் சொன்னது? அவர் எடுத்த அந்த மூன்று நிமிடத்தை எடுக்கத் தைரியம் உள்ள ஒருவரை எங்கிருந்தாவது கூட்டி வரட்டும், அப்புறம் உயரம் பார்க்கலாம். பிடிவாதக்காரர், யாரோடும் ஒத்துப்போக மாட்டார் என்றும் எழுதியிருந்தார்கள். அது உண்மை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அவரைப் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டதே ஒரு சண்டையாகத்தான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக் கல்யாணத்தை அவர் எடுத்தார். வீடியோவைப் போட்டுப் பார்த்தால், தாலி கட்டுகிற நேரத்தில் பெண்ணின் முகமே இல்லை. அவள் கைகள்தான். கழுத்து மாலையிலிருந்து இதழ் இதழாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டே இருக்கின்றன. வீட்டார் கொதித்துப்போய் அவர் கடைக்கு ஏறினார்கள். மூஞ்சி எங்கய்யா என்று பெண்ணின் அப்பா கேட்டதற்கு அண்ணன், "மூஞ்சி நீங்க பவுடர் போட்டு ரெடி பண்ணி வச்சது. கைதான் அந்தப் பிள்ளையோடது" என்றாராம். அப்பா அடிக்கக் கை ஓங்கிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை என்பது மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாத மாதிரி எல்லாரும் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கடைசியில் முகம் தெரிகிற பதிவையும் சேர்த்துக் கொடுத்தார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

நேரில் பார்த்தது எங்கள் ஊழியர் சங்கத்தின் வீதி நாடகத்தை அவர் பதிவு செய்ய வந்தபோது. நடுத்தெருவில் மார்பில் அடித்துக்கொண்டு நான் அழுகிற காட்சி. கூட்டம் கைதட்டி ஓய்ந்தது. அண்ணன் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டே, "நல்லா அழுத தாயி. உங்க வீட்லயும் இப்படித்தான் அழுவியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ஒரு வருடம் கழித்து அவரே வீடு தேடி வந்து, ஒரு படம் எடுக்கிறோம், இயக்குநரிடம் உன் பேரைச் சொல்லியிருக்கிறேன் என்றார். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கதை எளிது. பதினோரு வருடம் எங்கே இருந்தான் என்றே தெரியாத கணவன் ஒரு மத்தியானம் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறான். அவள் எடுத்து வர உள்ளே போகிறாள். அவனைச் சேர்த்துக்கொள்வதா, வேண்டாமா? சொம்பு நிரம்புவதற்குள் அவள் முடிவு செய்தாக வேண்டும். வசனம் கிடையாது. படத்தின் கடைசிக் காட்சி அதுதான்.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் வீடு பிடித்தார்கள். படப்பிடிப்புக்கு எந்த வீட்டுக்குப் போனாலும், பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அந்த வீட்டுப் பெண்களிடம் அண்ணன் ஒன்று கேட்பார்: "அழுகை வந்தா இந்த வீட்ல எங்கம்மா போவீங்க?" ஆண்கள் முறைப்பார்கள். பெண்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் ஒரு மூலையைக் காட்டுவார்கள். ஒருவர் கொல்லைப்புறத் தொட்டி என்பார், இன்னொருவர் சிலிண்டர் வைத்திருக்கும் இடத்தைக் காட்டுவார். இந்த வீட்டுக்கார அம்மா அடுப்படிக் குழாயைக் காட்டினார். "இங்கனதான். குழாயத் தொறந்துவிட்டுட்டா வெளிய சத்தம் கேக்காது." அண்ணன் அந்த இடத்தில் போய் நின்று கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து, கேமரா அவள் முதுகுக்குப் பின்னால்தான் என்று சொல்லிவிட்டார்.

தயாரிப்பாளர் துள்ளிக் குதித்தார். கதாநாயகியின் வாழ்க்கையே அந்த நிமிடத்தில் இருக்கிறது, முகம் இல்லையென்றால் ஜனம் எதைப் பார்க்கும்? கிளிசரினைப் போடு, க்ளோசப் வை, தியேட்டர் அழட்டும் என்றார். மறைப்பானேன், நானும் அவர் பக்கம்தான். எனக்கு அழ வரும். அதற்குக் கைதட்டல் வாங்கியவள் நான். இயக்குநர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அண்ணன் அன்று சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது: "நம்மூருல யாரு சார் அடுத்தவன் மூஞ்சியப் பாத்து அழுகுறா? செவுத்தப் பாத்துத்தான் அழுகுறா. நம்ம முன்னாடி போயி நின்னா அவ நமக்காக அழுகுற மாதிரி ஆயிரும். அழுகுறதும் அழுகாததும் அவ இஷ்டம். நம்ம பின்னாடி நிப்போம்."

அடுப்படி ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினார். விளக்கு ஒன்றுகூட வைக்கவில்லை. குழாய்க்குப் பக்கத்திலேயே நிலைப்படி, அதன் வழியாக வாசலில் வெயிலில் உட்கார்ந்திருக்கும் கணவன் தெரிவான். அந்த வெயிலில் கொஞ்சம் உள்ளே வந்து என் தோளின் ஓரத்திலும் காதிலும் ஈரக் கையிலும் படும். அவ்வளவுதான் வெளிச்சம். முதலில் ஃபோகஸ் அவன் மேல் இருக்கும். துடைத்துவைத்தது போல அவன் பளிச்சென்று தெரிவான், நான் வெறும் நிழல். அவள் முடிவெடுக்கிற நொடியில் ஃபோகஸ் என்னிடம் வரும், அவன் வெயிலோடு வெயிலாகக் கலங்கிப் போவான். அந்த நொடி எது என்று நான் கேட்டேன். எத்தனை எண்ண வேண்டும், எங்கே தலையை அசைக்க வேண்டும்? "எண்ணாத தாயி. நீ எப்ப முடிவு பண்றியோ பண்ணு. எனக்கு முதுகுல தெரிஞ்சிரும்" என்றார். உதவியாளரை நகரச் சொல்லிவிட்டு ஃபோகஸை அவரே கையில் எடுத்துக்கொண்டார்.

முதல் தடவை எடுத்தார்கள். இயக்குநர் ஓடி வந்து அருமை, அருமை என்றார். அண்ணன் கேமராவை விட்டு இறங்கி நேரே என்னிடம் வந்தார். "நீ முடிவெடுக்கல தாயி. நான் எடுத்துட்டேன். அவன் காலாட்டிக்கிட்டு உக்காந்திருந்ததப் பாத்ததும் எனக்கு ஆத்திரம் வந்துருச்சு, முந்திட்டேன். தப்பு என்னோடது. இன்னொருக்க செய்வமா?" என்றார். ஒரு யூனிட்டே நிற்கும்போது இப்படி ஒப்புக்கொள்கிற ஒளிப்பதிவாளரை நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது தடவை எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. சொம்பு நிரம்பியது, வழிந்தது, மணிக்கட்டு வரை நனைந்தது. அப்புறம் குழாயை மூடினேன். அந்தத் தண்ணீரை நானே குடித்தேன். சொம்பைக் கவிழ்த்து வைத்தேன். திரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது, குழாயை மூடுவதற்கு ஒரு மூச்சுக்கு முன்னால் என் தோள் லேசாக இறங்குகிறது. ஃபோகஸ் அங்கே என்னிடம் வந்துவிட்டது. கை போவதற்கு முன்னால் மனசு போன இடத்தை அந்த மனிதர் பின்னால் நின்று பிடித்திருந்தார்.

தியேட்டரில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் ஒரேயடியாகப் புகழ்கிறேன் என்பீர்கள். ஒரு சிற்றூர்த் தியேட்டரில் நாங்கள் எல்லாரும் போய் உட்கார்ந்தோம். அங்கே புரொஜக்டர் விளக்கு மங்கல். அந்த மூன்று நிமிடமும் திரையில் ஏறக்குறைய இருட்டு. முன் வரிசையிலிருந்து ஒருவர், "ஏப்பா, கரண்டு போயிருச்சா?" என்று கேட்க, தியேட்டரே சிரித்தது. அண்ணன் எழுந்து ஆபரேட்டரிடம் சண்டை போடப் போனார். திரும்பி வந்து, கேட்டவர் கேட்டதும் நியாயந்தான், ஒரு பொட்டு வெளிச்சம் கூடுதலாக வைத்திருக்கலாம் என்றார். பெண்கள் பக்கம் சிரிப்பு வரவில்லை என்பதை நான் கவனித்தேன். வெளியே வரும்போது முன்பின் தெரியாத ஓர் அம்மா என் முதுகைத் தடவிவிட்டுப் போனார்.

படம் இரண்டு வாரம்கூட ஓடவில்லை. எனக்கு அடுத்த வாய்ப்பு வரவில்லை. முக்கியமான எடத்துல மூஞ்சியவே காணோமே என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்தார்கள். பன்னிரண்டு வருடம் அண்ணன் மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல் இருந்தது. இன்று அவர் புகழ் பாட வந்த இடத்தில் அதை மறைத்தால் அவருக்கே பிடிக்காது.

மூன்று மாதங்களுக்கு முன் அதே தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். படத்தை மறுபடி வெளியிடப் போகிறார்களாம். இப்போது கம்ப்யூட்டரிலேயே எல்லாம் முடியுமாம். குழாயடியில் நான் திரும்பிப் பார்ப்பது போலவும், கண்ணீர் கன்னத்தில் இறங்குவது போலவும் செய்துவிடுவார்களாம். சென்னைக்கு அரை நாள் போய் என் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஜனங்களுக்கு இப்பவாவது உங்க நடிப்பு தெரியட்டும்மா என்றார். நான் முடியாது என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று முழுவதும் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அண்ணனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போய்வந்து துவண்டு கிடந்தார். நான் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேசாமல் கிடந்ததால் நான்தான் கத்தினேன். பன்னிரண்டு வருசமா என் மூஞ்சி யாருக்கும் தெரியாதுண்ணே, உங்களுக்கு உங்க ஷாட்டு, எனக்கு என்ன இருக்கு என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "ஒன் மூஞ்சி தாயி. வேணாம்னு சொல்ல நான் யாரு? போடணும்னா போடு." அப்புறம் கொஞ்சம் கழித்து, "ஒன்னு கேக்கவா? அன்னைக்கு நீ அழுதியா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கையைத் தூக்கித் தடுத்தார். "வேணாம், சொல்லாத. அது ஒன்னோட இருக்கட்டும்." நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். பஞ்சவர்ணம் மதினி கூடத்தில் இல்லை. அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். யூடியூப் சேனல்காரர் ஒருவர், நடு வயது இருக்கும், மைக்கோடும் போனோடும் அவர் பின்னாலேயே போய் நின்று, "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, மூஞ்சி விழுகல" என்றார். மதினியின் தோள் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டியது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்ததோ தெரியவில்லை. அந்தப் போனைப் பிடுங்கித் தண்ணீர் வாளிக்குள் போட்டேன். அவர் போலீசுக்குப் போவேன் என்றார். தாராளமாப் போங்க, பேரு செல்வராணி, தல்லாகுளத்துல அரசாங்க ஆபீசுல இருக்கேன், எழுதிக்கோங்க என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், இதில் எனக்குத் துளிகூட வருத்தமில்லை. பிறகு அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காவலுக்கு உட்கார்ந்தேன். மதினி எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்.

தத்தனேரி வரை நானும் போனேன். பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று தெருமுனையில் ஒருவர் மறித்தார். அவரைச் சுற்றிக்கொண்டு போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணன் முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பார்த்தேன். வாய்விட்டு அழுதேன், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மூன்றாம் நாள் தயாரிப்பாளர் பேசினார். படத்தின் தொடக்கத்தில் சோலைமலைக்குச் சமர்ப்பணம் என்று போடப் போகிறாராம். அவர் கண்ணால் பார்த்த மூன்று நிமிடத்தை அழித்துவிட்டு, அதை அவருக்கே சமர்ப்பணம் செய்வார்களாம். என் முகத்தை யாருக்கும் தரமாட்டேன், கையெழுத்தும் போடமாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை, விவரமான மனிதர். சரிம்மா, பொய்யா ஒன்னும் செய்ய வேணாம், அன்னைக்கு நிசமாவே உங்க முகம் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, அழுதீங்களா, சிரிச்சீங்களா, கல்லு மாதிரி நின்னீங்களா, அதையே அப்படியே செஞ்சிருவோம் என்றார்.

"அது எனக்கும் அந்தச் செவுத்துக்கும் தெரிஞ்சாப் போதும் சார்" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

அண்ணே, நீங்களே கேட்காமல் விட்டதை இவர்களுக்கா சொல்லப்போகிறேன்? மறுபடி வருவார்கள். ஆசை காட்டுவார்கள், வக்கீலை வைத்துப் பேசுவார்கள், நான் போன பிறகு வேண்டுமானால் என்னவோ செய்துகொள்ளட்டும். நான் இருக்கும் வரை அவள் திரும்ப மாட்டாள். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.