மேனேஜர் நின்ற இடம்

என் வீட்டுக்காரரின் உயிர் போனபோது அவர் பக்கத்தில் நின்றவர் எங்கள் பனியன் கம்பெனியின் மேனேஜர். நான் கதவுக்கு வெளியே இருந்தேன். இதை யாரிடம் சொன்னாலும், "விடு, நீ பாத்திருந்தா தாங்கியிருக்க மாட்ட" என்கிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் முற்றிப்போனது. நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்கமாட்டேன் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த கம்பெனியில் அவர் அயர்ன் மாஸ்டர், நான் செக்கிங். ஓட்டை, கறை பார்த்து நான் அனுப்பும் பனியன்கள்தான் தேய்ப்பதற்கு அவர் மேசைக்குப் போகும். ஏற்றுமதி ஆர்டர்கள் குவிந்திருந்த வருடங்கள் அவை. நாள் முழுக்க ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் பேசிக்கொள்ள நேரம் இருக்காது. இருந்தும் அவர் தலை தெரிகிற இடத்தில்தான் நான் உட்காருவேன்.

அன்று காலை டீ குடித்துவிட்டு வந்தவர் நேராக என் மேசைக்கு வந்தார். முகம் முழுக்க வேர்வை. "தின்ன இட்லி நெஞ்சுலயே நிக்கு. கொஞ்சம் தண்ணி தா" என்றார். பாட்டிலை எடுத்து நிமிர்வதற்குள் சாய்ந்துவிட்டார். எப்படி எழுந்தேன், எப்படிப் பிடித்தேன் என்று தெரியாது. அவர் தலை தரையில் மோதவில்லை. என் முழங்கைதான் மோதியது.

கம்பெனி வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மேனேஜர் முன்சீட்டில் இருந்தார். நான் பின்னால், வீட்டுக்காரர் தலையை மடியில் வைத்துக்கொண்டு. அவருக்கு நினைவு இருந்தது. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். "எங்கயும் போயிராத" என்றார். "எங்க போவேன்?" என்றேன்.

அவசரப் பிரிவுக் கட்டிலில் கிடத்தும் வரை அந்தப் பிடி தளரவில்லை. பிறகு சட்டென்று தளர்ந்தது. டாக்டர் அவர் நெஞ்சில் கைவைத்து அழுத்த ஆரம்பித்தார். ஒரு நர்ஸ் என் தோளைப் பிடித்துக் கதவை நோக்கித் திருப்பினாள்.

"அக்கா, வெளிய இருங்க. நாங்க பாத்துக்கறமுங்க."

"நான் அவிய பெண்டாட்டிம்மா. ஒரு ஓரமா நின்னுக்கிடுதேன்."

"இல்லீங்க்கா, பொம்பளைங்க பாக்கக்கூடாதுங்க. சொன்னாக் கேளுங்க."

எவ்வளவு மரியாதையான பேச்சு! வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு என்னை வெளியே தள்ளினாள். மேனேஜரும் என் பின்னாலேயே வரத் திரும்பினார். டாக்டர் தலை தூக்கிப் பார்த்து, "சார், நீங்க இருங்க" என்றார். அவ்வளவுதான். கதவு சாத்தப்பட்டது.

கதவுக் கண்ணாடியில் உள்ளே தெரியாதபடி வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்கள். ஆனால் சத்தத்துக்குத் தாள் ஒட்ட முடியுமா? கட்டில் கிறீச்சிடுவது கேட்டது. யாரோ எண்ணுவது கேட்டது. "தள்ளி நில்லுங்க" என்று டாக்டர் கத்தியதும், அதன்பிறகு எதுவுமே கேட்காத ஒரு நேரமும். கண்ணால் பார்த்திருந்தால் ஒரே ஒரு காட்சிதான் மனதில் இருந்திருக்கும். பார்க்காததால் நூறு காட்சிகளை நானே உண்டாக்கிக்கொண்டேன். அதில் ஒன்றுகூட இன்னும் போகவில்லை.

கதவு திறந்தபோது டாக்டர் என்னிடம் வரவில்லை. மேனேஜரிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு நடந்தார். மேனேஜர்தான் என் முன்னால் வந்து கையைக் கூப்பினார்.

நான் டாக்டர் பின்னால் போய் நடைபாதையில் மறித்தேன்.

"என்னை ஏன் சார் வெளிய அனுப்புனிய?"

அவர் பொறுமையாகத்தான் பேசினார். "நீங்க மயங்கி விழுந்துட்டா உங்களையும் நாங்க பாக்கணும்மா. அங்க அவரைப் பாக்கறதா, உங்களைப் பாக்கறதா?"

"அவிய விழுந்தப்ப புடிச்சது நான்தான் சார். நான் விழல."

"போய் உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகும் எழாமல் உட்கார்ந்திருந்தார்.

"அம்மிணி, ஒண்ணு சொல்லோணும். சொல்லாம இருக்க முடியலீங்க."

சொல்லுங்கள் என்றேன்.

"நடுவால ஒருக்கா உசுரு திரும்புச்சுங்க. கண்ணு முழிச்சாரு. தலைய இப்பிடியும் அப்பிடியும் திருப்புனாருங்க, யாரையோ தேடற மாதிரி. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம, 'இருக்கறனுங்க, இங்கதான் இருக்கறனுங்க'ன்னேன். என்னையப் பாத்தாரு. அப்பறம் மூடிட்டாருங்க."

சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனிதர் தேம்பி அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அங்கே நிற்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லையே. ஆனால் அந்தக் கண் தேடியது என்னை. பத்தடி தூரத்தில், பூட்டாத ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். ஆண் என்பதாலும் 'சார்' என்பதாலும் ஒருவருக்குக் கிடைத்த இடம், மனைவி என்பதால் எனக்கு மறுக்கப்பட்டது. இதற்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்களை இன்றும் நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

சில வருடங்கள் கழித்து, என்னோடு இருந்த என் மாமியாருக்கு ஒரு மத்தியானம் மூச்சு நின்றது. வேறு ஆஸ்பத்திரி, சின்ன வயது லேடி டாக்டர். வெளியே போகச் சொல்வதற்கு முன்பே, "நான் போகமாட்டேன்" என்றேன். கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் வேலையை நிறுத்தாமலே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கால்மாட்டுல, செவுத்த ஒட்டி நில்லுங்க. நகரச் சொன்னா நகரணும்."

நின்றேன். தொண்டையில் குழாய் இறக்கியதைப் பார்த்தேன். எலும்பு நொறுங்குகிற மாதிரி அழுத்தியதைப் பார்த்தேன். நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். நடுவில் டாக்டர், "காலைப் புடிச்சுக்கணும்னா புடிச்சுக்கங்க" என்றார். அத்தையின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே ஜெபம் சொன்னேன். யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. "இனிமே மூச்சு வராதும்மா. நிறுத்திக்கலாமா?" என்று டாக்டர் கேட்டது என்னிடம். "சரிம்மா" என்றது நான்.

ஊரிலிருந்து வந்த நாத்தனார்கள் அழுதுகொண்டே கேட்டதற்கெல்லாம் என்னால் பதில் சொல்ல முடிந்தது. என்ன செய்தார்கள், எவ்வளவு பாடுபட்டார்கள், எப்படி அடங்கினார் என்று எல்லாமே.

என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால் மட்டும், பெற்ற பிள்ளைகளிடம்கூட, "மேனேஜர் சொன்னாரு" என்றுதான் இன்றைக்கும் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.