சுருங்கிய அடிக்கோல்

ஆய்வகத்தில் அவளுக்கு எலும்புக்காரி என்று பெயர். அறுவைக் கூடத்திலிருந்து வரும் எலும்புத் துண்டுகளை மருந்தில் ஊறவைத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, கல்வத்தில் மாவாக இடிப்பதுதான், முனைவர் பட்டத்துக்காக, ஆறு வருடமாக அவள் வேலை. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலிக்கும். அவ்வளவு இடித்தாலும் கிடைக்கிற ஆர்.என்.ஏ. குழாயின் அடியில் ஒரு துளி. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அந்தத் துளிதான் சொல்ல வேண்டும்.

அதுவும் சும்மா சொல்லாது. எந்த நிலையிலும் ஏறாமல் இறங்காமல் இருக்கிற ஒரு மரபணுவை அடிக்கோலாக வைத்துத்தான் மற்றதை அளக்க வேண்டும். அந்த ஆய்வகத்தின் அடிக்கோல், பேராசிரியர் மாணவராக இருந்த காலத்திலிருந்தே ஒரே மரபணு. எலும்பில் அது உண்மையிலேயே அசையாமல் நிற்கிறதா என்று ஒருவரும் பார்த்ததில்லை. கிடைப்பதே ஒரு துளி, அதைப் போய் இதற்கு வீணாக்குவதா என்பார்கள். தாயத்துக் கட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டம்தான் அதுவும்.

பேராசிரியரின் புதிய மருந்து எலும்பை வளர்க்கும் மரபணுவை மூன்று மடங்கு தூண்டுகிறது என்பது அவள் கையால் வந்த முடிவு. அதைக் கேட்ட பிறகுதான் அவளுடைய அக்காவுக்கு முகத்தில் உயிர் வந்தது. இடுப்பு இரண்டு முறை முறிந்தவள். தும்மினால்கூட விலாவில் விரிசல் விழும். மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள், அக்கா பெயர் கொடுத்துவிட்டாள். சேருவதற்கு, அரைகுறையாகவேனும் தாங்கிக்கொண்டிருக்கும் பழைய மருந்தை நிறுத்த வேண்டும்.

அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. மருந்தில் ஊறிய துண்டுகளில் மட்டும் அடிக்கோல் மரபணு அளவு கருவியில் தாமதமாகத் தெரிந்தது; குறைவாக இருப்பதுதான் தாமதமாகத் தெரியும். மிச்சமிருந்த துளிகளை எடுத்து வேறு சில மரபணுக்களைச் சோதித்தாள். அசையாமல் நின்ற மூன்றை வைத்து மறுபடி அளந்தாள். மூன்று மடங்கு காணாமல் போயிற்று. மருந்து வளர்ச்சியைத் தொடவே இல்லை; அடிக்கோலைத்தான் இறக்கியிருந்தது. முழக்கோல் சுருங்கினால் துணி நீண்டதாகத்தானே தெரியும்!

"சரியா இடிச்சிருக்க மாட்டே. வீட்ல எல்லாம் மிக்ஸிதானே?" பேராசிரியர் சிரித்தார்.

"மோசமா இடிச்சா எல்லா மரபணுவும் சேர்ந்துதானே சார் தாமதமாகும்? இது ஒண்ணு மட்டும்தான்."

சிரிப்பு நின்றது. "உலகமே இதைத்தான்மா வெச்சு அளக்குது. எல்லாரும் முட்டாளா?"

"எலும்புல சரிபார்த்தாங்களா சார்?"

"கட்டுரையைப் பரிசீலிச்சவங்களே கேக்கலை. உனக்கு என்ன வந்துச்சு? பட்டம் வேணுமா, வேணாமா?"

மருத்துவமனையின் அறநெறிக் குழுவிடம் போனாள். மறுபடி சோதித்துக் காட்டச் சொன்னார்கள். எலும்பு இருக்கும் உறைபெட்டியின் சாவி பேராசிரியரிடம். அவர் தரவில்லை என்றாள். அப்படியானால் சான்றில்லை என்று எழுந்துபோனார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுச் சான்று கேட்பதற்கு அறநெறி என்று பெயர்!

வீட்டில் அக்கா கட்டிலில் இடுப்புப் பட்டையோடு சாய்ந்திருந்தாள்.

"அக்கா, அந்த மருந்து வேலை செய்யாது. பழையதை நிறுத்தாதே."

"நீதானேடி சொன்ன, மூணு மடங்குன்னு?"

"அளந்தது தப்புக்கா."

"அப்ப தப்பா அளந்தவ, இப்ப மட்டும் சரியா அளந்துட்டியோ?"

"சரின்னுதான் நினைக்கிறேன். இன்னொரு தடவை பார்த்துடலாம்னா எலும்பு தர மாட்டேங்கறாங்க."

"நினைக்கிறியா! பேர் குடுக்கப் போனப்ப உங்க சார் என் கையைப் பிடிச்சு நிச்சயம்னு சொன்னாருடி. நினைக்கிறேன்னு சொல்லலை."

பொய் சொல்கிறவனுக்கு நிச்சயம் எவ்வளவு மலிவு. அவளிடம் அது இல்லை. அக்கா பழைய மருந்தை நிறுத்தினாள்.

முதல் ஊசி போடும் நாளில் அக்காவைத் தாங்கிப் படியிறக்க வேறு ஆள் கிடையாது. அவள்தான் இறக்கினாள், ஒவ்வொரு படியிலும் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஆட்டோவில் உட்கார்ந்ததும் அக்கா அவள் கன்னத்தைத் தட்டினாள்.

"கோவிச்சுக்காதேடி. அந்த மருந்துக் கட்டுரையில உன் பேரும் இருக்குல்ல?"

"இருக்குக்கா," என்றாள்.