கிணற்றைப் பார்த்து நின்ற டிராக்டர்

முப்பது வருடமாக டிராக்டர் பிரித்துப் பழுதுபார்க்கிறேன். அப்படிப்பட்ட நான், வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் ஒருமுறை ஏறி ஸ்டார்ட் செய்திருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

எருமப்பட்டி பக்கம் பாவாயி அக்காவின் தோட்டம். அவர் மாமனார் வாங்கிய டிராக்டர். ஆயுத பூஜைக்குப் போர்வெல் தண்ணீரைப் பீய்ச்சிக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, கிழக்குப் பார்த்து நிறுத்தியதோடு சரி. உள்ளே போன தண்ணீரில் கிளட்ச் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டது. பெடலை மிதித்தால் இறங்குகிறது, கிளட்ச் விடவில்லை; கியரில் இருந்தால் இன்ஜின் சக்கரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

"வண்டியை ரெண்டாப் பிரிக்கணும்க்கா. ரெண்டு மூணு நாளாவும்."

"மூணு நாளுங்களா! நேத்துப் புடுங்குன குச்சிக்கிழங்கு காட்டுல கெடக்குது சாமி. நாளைக்குச் சவ்வரிசி மில்லுக்குப் போவலீன்னா கறுத்துப் போயிரும், ஒருத்தனும் தொடமாட்டான். ஒரு வருசப் பாடுங்க. வாடகைக்கு ஒரு வண்டி சிக்கலீங்க."

குறுக்கு வழி ஒன்று உண்டு. மூன்றாவது கியர் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்ய வேண்டும். வண்டி தானாக ஓடும். த்ராட்டில் கொடுத்துச் சட்டென்று பிரேக் அடித்தால் அந்த உதறலில் பிளேட் பிரியும். பிரியாவிட்டால் ஸ்டாப் கம்பியை இழுத்து அணைத்துவிடலாம். மெக்கானிக் புத்தகத்தில் இதெல்லாம் நாலே வரி.

ஓடத் தொடங்கிய பிறகுதான் எதிரே கிணறு தெரிந்தது. கைப்பிடிச் சுவர் கிடையாது. வாஸ்துப்படி ஈசானிய மூலையில் கிணறு, சாஸ்திரப்படி கிழக்குப் பார்த்து வண்டி, இரண்டும் சரியான இடத்தில்தான் இருந்தன. தப்பான இடத்தில் இருந்தவன் நான், சீட்டில். ஸ்டியரிங்கை ஒடிக்கலாமென்றால் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் கிழங்குக் குவியல்.

பிரேக் அடித்தேன். வண்டி உதறியது, நிற்கவில்லை, பிளேட்டும் பிரியவில்லை. மறுபடி அடித்தேன். பிரியவில்லை. ஸ்டாப் கம்பியை இழுத்தேன். குமிழ் மட்டும் கையோடு வந்தது. கியரை நியூட்ரலுக்கு இழுத்தேன், அசையவில்லை.

"கெணறுங்க! கெணறு!" என்று அக்கா ஓடிவந்தார், எனக்குத் தெரியாத மாதிரி.

குதித்தால் நான் பிழைப்பேன், கிழங்கு பிழைக்காது. மிச்சமிருந்தது ஒரே வழி: உதறல் பலமாக வேண்டுமென்றால் வேகம் வேண்டும். கிணற்றைப் பார்த்து த்ராட்டிலை முழுக்கக் கொடுத்தேன். பிறகு சீட்டைவிட்டு எழுந்து, ஒரு காலால் கிளட்ச்சையும் மறுகாலால் பிரேக்கையும் அமுக்கியபடி நின்றேன்.

'டப்' என்று பிளேட் பிரிந்தது. வண்டி நின்றது. இன்ஜின் மட்டும் அலறிக்கொண்டிருந்தது. முன்சக்கரம் உருட்டிய மண்கட்டி ஒன்று கிணற்றுக்குள் விழும் சத்தம்கூடக் கேட்டதாக நினைவு.

சாயங்காலமே கிழங்கு மில்லுக்குப் போனது. நான் கற்றது இவ்வளவுதான்: ஏறுமுன் எதிரே பாருங்கள், ஸ்டாப் கம்பியை இழுத்துப் பாருங்கள், எது நடந்தாலும் பதறாதீர்கள். நான் பதறவில்லை.

அப்படித்தான், டீ கொண்டுவந்த அக்கா கேட்கும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, வண்டி நின்னதுக்கப்பறமும் 'நில்லு, நில்லு'ன்னு அத்தன நேரம் யாரைங்க கத்துனீங்க?"